பக்கத்து நகராட்சிகளோடு சேர்ந்து சிக்னல் பராமரிப்பு ஒப்பந்தம் போடலாமா?

கேள்வி கேட்டவர் ஒரு சின்ன நகராட்சியின் மன்ற உறுப்பினர். அவர்கள் ஊரில் 11 சந்திப்புகளில் சிக்னல் இருக்கிறது. பக்கத்தில் 60 சந்திப்புகள் உள்ள பெரிய நகராட்சி ஒன்றும் 25 உள்ள இன்னொன்றும், மூவரும் சேர்ந்து ஒரே ஒப்பந்ததாரரை வைத்துக்கொள்ளலாம் என்று அழைக்கின்றன. செலவு குறையுமா என்பது அவர் கேட்டது. ஆனால் கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: புயல் அடித்து எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சிக்னல் போனால் எங்கள் ஊருக்குக் கடைசியில்தானே வருவார்கள்? பணத்தை விட இதுதான் அவரை உறுத்துகிறது என்று எடுத்துக்கொண்டு இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் முதலில் ஒப்பந்ததாரர் பக்கம் வேலை பார்த்தவன், பிறகு உள்ளாட்சிப் பக்கம் அதே மாதிரி ஒப்பந்தங்களின் பில்லைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்தவன். பொறியியல் பகுதியை உறுதியாகச் சொல்வேன். யாருக்கு என்ன பொறுப்பு என்ற சட்டப் பகுதி நாட்டுக்கு நாடு மாறுவது, அதில் உங்கள் நகராட்சியின் வழக்கறிஞர் சொல்வதுதான் முடிவு.

முதலில் செலவு. சேர்ந்து டெண்டர் விட்டால் நிறைய விளக்கு, நிறைய கேபிள், அதனால் விலை குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தச் சேமிப்பு சின்னதுதான், மூன்று நகராட்சிகளின் அளவுக்கு உற்பத்தியாளர் பெரிய தள்ளுபடி தரமாட்டார். பெரிய சேமிப்பு ஆள் தயாராக இருப்பதில் கிடைக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 40 மணி நேரம் வேலை பார்க்கிறார் என்றால், எந்த நேரமும் ஒரே ஒரு ஆளைத் தயாராக வைத்திருக்கவே 4 பேருக்கு மேல் தேவை, விடுப்பும் பயிற்சியும் சேர்த்தால் 5 பேர். இரவில் அவரை வீட்டிலிருந்தே அழைக்கும் ஏற்பாடு வைத்தால் எண்ணிக்கை குறையும், ஆனால் அழைப்புக்காகக் காத்திருப்பதற்கும் சம்பளம் உண்டு. போக, சாலை நடுவில் மின்வேலை பார்க்க ஒரு ஆள் போதாது, வண்டிகளை ஒதுக்கிவிட இன்னொருவர் வேண்டும், மேலே ஏற ஒரு வண்டி வேண்டும். 11 சந்திப்புகளுக்கு இத்தனையும் தனியாக வைத்துக்கொள்ள எந்த ஊராலும் முடியாது. நீங்கள் தனியாக டெண்டர் விட்டாலும், அந்தக் காத்திருப்புச் செலவை ஒப்பந்ததாரர் ஏதோ ஒரு வடிவில் உங்கள் விலையில் ஏற்றித்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் இரவில் போனை எடுக்கமாட்டார். மூன்று ஊரும் சேர்ந்த 96 சந்திப்புகளுக்கும் அதே குழு போதும். சேர்வதன் முதல் பலன் இது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது பலன் உதிரி பாகங்கள். ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மூன்று ஊரிலும் மூன்று வெவ்வேறு நிறுவனத்தின் கன்ட்ரோலர் (சாலையோரப் பெட்டிக்குள் இருந்து விளக்குகளை மாற்றும் கருவி) இருந்தால், மூன்று விதமான உதிரிகளையும் வாங்கி அடுக்கத்தான் வேண்டும், மூன்று விதமான பயிற்சியும் வேண்டும். சேர்ந்ததால் அந்த இடத்தில் ஒன்றும் மிச்சமில்லை. வட அமெரிக்காவில் என்.டி.சி.ஐ.பி., ஜெர்மன் பேசும் நாடுகளில் ஓசிட் என்று பொதுவான தொடர்பு முறைகளை வகுத்ததற்கே காரணம், ஒரே நிறுவனத்திடம் மாட்டிக்கொள்ளாமல் வெவ்வேறு தயாரிப்புகளை ஒரே மையத்திலிருந்து பார்க்க முடியவேண்டும் என்பதுதான். ஆனால் தொடர்பு முறை ஒன்றாக இருப்பதால் மட்டும் பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் பலகை ஒன்றுக்கொன்று பொருந்திவிடாது. ஆகவே மற்ற இரண்டு நகராட்சிகளிடமும் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, எந்தெந்த வகைக் கன்ட்ரோலர் எத்தனை, எந்த வயதில் என்ற பட்டியலை.

மொத்தமாகச் செலவு குறையும் என்று மட்டும் நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். உள்ளாட்சிகள் சேர்ந்து சேவை நடத்துவதைப் பற்றிய ஆய்வுகளை 2015-இல் ஜெர்மா பெல், மில்ட்ரெட் வார்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தொகுத்துப் பார்த்தார்கள். குப்பை அள்ளுவது போன்ற சேவையில் சேமிப்பு ஓரளவு தெளிவாகத் தெரிகிறது, மற்ற சேவைகளுக்கு அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியவில்லை. காரணம், சேர்ந்து நடத்துவதற்கே ஒரு செலவு இருக்கிறது: கூட்டங்கள், கணக்குப் பிரிப்பு, வாக்குவாதம், மூன்று மன்றங்களின் ஒப்புதல். சிக்னல் பராமரிப்பில் இன்னொன்று சேர்ந்துகொள்ளும், அது தூரம். மூன்று ஊரும் ஒட்டியிருந்தால் நல்லது. நடுவில் ஒரு மணி நேரப் பயணம் இருந்தால், மேலே சொன்ன காத்திருப்புக் கணக்கே உடைந்துவிடும், ஏனென்றால் அந்த ஒரே குழு பாதி நாளை வண்டியில் கழிக்கும்.

சேர்ந்து நடத்துவது நடைமுறையில் சாத்தியமா என்றால், தாராளமாக. லண்டனில் பரோ எனப்படும் 32 வட்டாரங்களும், சிட்டி என்ற பழைய மையப் பகுதியும் தனித்தனி உள்ளாட்சிகள், ஆனால் சிக்னல்கள் எல்லாம் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் என்ற போக்குவரத்து அமைப்பின் கையில் இருக்கின்றன. கிரேட்டர் மான்செஸ்டரில் 10 உள்ளாட்சிகளுக்கும் சேர்த்து ஒரே அமைப்பு சிக்னல்களைப் பார்க்கிறது. கன்சாஸ் சிட்டி பகுதியில் கன்சாஸ், மிசூரி என்ற இரண்டு மாநில எல்லையைத் தாண்டி, ஆபரேஷன் கிரீன் லைட் என்ற பெயரில் பல நகரங்கள் சிக்னல் நேரத்தை ஒருங்கிணைத்துக்கொள்கின்றன. இவை உங்களுடையதை விட மிகப் பெரியவை, பின்னால் சட்டமோ நிரந்தர அலுவலகமோ இருப்பவை. மூன்று நகராட்சிகள் கையெழுத்திட்டுச் சேரும்போது அந்தப் பலம் இருக்காது, எல்லாம் ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சரி, இப்போது புயல் இரவு. ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெருமழை, புயல் நேரத்தில் சிக்னல் அணைவதற்குப் பெரும்பாலும் காரணம் மின்சாரம் போனது. மின்சாரம் இல்லாத சந்திப்புக்கு ஒப்பந்ததாரர் முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் அவரால் செய்ய முடிவது அதிகமில்லை. அதற்கு மருந்து பேட்டரி. பழைய இழை விளக்கோடு ஒப்பிட்டால் எல்.இ.டி. விளக்கு 80 சதவீதத்துக்கும் மேல் குறைவாக மின்சாரம் எடுக்கும், அதனால் ஒரு சந்திப்பைச் சில மணி நேரம் பேட்டரியில் ஓட்டுவது இன்று நடக்கக்கூடிய காரியம். உங்கள் 11-இல் மிக ஆபத்தான 3 அல்லது 4 இடங்களுக்குப் பேட்டரி வைப்பதும், உங்கள் ஊழியர்களே கொண்டுபோய் நிறுத்தக்கூடிய தற்காலிக நிறுத்தப் பலகைகளைச் சொந்தமாக வைத்திருப்பதும், ஒப்பந்தம் யாரோடு போட்டாலும் செய்யவேண்டியவை. உங்கள் பயத்தில் பாதி இதிலேயே குறைந்துவிடும்.

மீதிப் பாதி நியாயமான பயம். கம்பம் சாய்ந்தது, பெட்டிக்குள் தண்ணீர் போனது, பலகை எரிந்தது என்று உண்மையான பழுதுகள் மூன்று ஊரிலும் ஒரே இரவில் வரும், குழு ஒன்றுதான். எதுவும் எழுதி வைக்காவிட்டால் பெரிய நகராட்சிதான் முந்தும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை, அவர்களுக்கு அழைப்புகள் அதிகம், அவர்கள் பில் பெரியது, ஒப்பந்ததாரரின் மேலாளருக்கு அவர்கள் பொறியாளரைத்தான் நன்றாகத் தெரியும். இதைத் தடுக்க ஒரே வழிதான் நான் பார்த்திருக்கிறேன்: 96 சந்திப்புகளையும் ஊர் பார்க்காமல் ஒரே பட்டியலில் ஆபத்து வரிசையில் அடுக்குவது. வேகமான சாலை, பள்ளி வாசல், மருத்துவமனைக்குப் போகும் வழி, பார்வை மறையும் வளைவு, ரயில் கடவைக்குப் பக்கத்துச் சிக்னல், இவற்றுக்கு மதிப்பெண் கொடுத்து மூன்று பொறியாளர்களும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். அப்போது உங்கள் பள்ளிச் சந்திப்பு அவர்கள் கடைத்தெருச் சந்திப்புக்கு முன்னால் வரும். உங்கள் அமைதியான தெருமுனை கடைசியில் வரும், அது அப்படித்தான் வரவேண்டும், அதை மன்றத்தில் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

ரயில் கடவையை நான் சும்மா சேர்க்கவில்லை. கடவைக்கு ஒட்டிய சிக்னல், ரயில் வருகிறது என்ற தகவலை வாங்கி, தண்டவாளத்தில் நிற்கும் வண்டிகளை வெளியேற்றப் பச்சை கொடுக்கும்படி இணைக்கப்பட்டிருக்கும். 1995 அக்டோபர் 25-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் ரிவர் குரோவ் என்ற ஊரில், சிவப்புக்காக நின்ற பள்ளிப் பேருந்தின் பின்பகுதி தண்டவாளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது, ரயில் மோதி 7 மாணவர்கள் இறந்தார்கள். விசாரணை சுட்டிக்காட்டிய குறைகளில், சிக்னலைப் பார்த்த சாலைத் துறைக்கும் கடவையைப் பார்த்த ரயில் தரப்புக்கும் இடையே தகவல் சரியாகப் போகாததும் ஒன்று. இரண்டு அமைப்புகள் ஒரே இடத்தைப் பகிரும்போது, நேரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் மற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். நீங்கள் சேரும்போது அந்த இடத்தில் மூன்றாவதாக ஒப்பந்ததாரரும் வருகிறார்.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைக் கூர்ந்து படியுங்கள். ஒன்று, எத்தனை மணி நேரத்தில் என்பது எதைக் குறிக்கிறது. ஆள் வந்து சேர்வதையா, சரிசெய்து முடிப்பதையா? இரண்டு மணி நேரத்தில் ஆள் வந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, மஞ்சள் மினுக்கலில் விட்டுவிட்டுப் போய், நான்கு நாள் கழித்துப் பலகையோடு வந்தால், தாளில் எல்லாம் சரியாக இருக்கும், சந்திப்பில் நான்கு நாளும் பாதசாரிகள் தவிப்பார்கள். வந்து சேர, பாதுகாப்பாக்க, முழுதாகச் சரிசெய்ய என்று மூன்று நேரங்களும் தனித்தனியாக இருக்கவேண்டும், பழுதின் வகைக்கு ஏற்ப அவை மாறவேண்டும். மொத்தமும் அணைந்ததும் கம்பம் விழுந்ததும் ஒரு வகை, ஒரு விளக்கு மட்டும் போனது வேறு வகை. இரண்டாவது இடம், இயற்கைச் சீற்றம் என்ற விலக்கு. வழக்கமான வாசகத்தில் புயல், வெள்ளம் வந்தால் நேர வரம்பு எதுவும் பொருந்தாது என்று இருக்கும். உங்களுக்கு ஒப்பந்தம் மிகவும் தேவைப்படும் இரவில் அது இல்லாமல் போகிறது என்று அர்த்தம். முழு விலக்குக்குப் பதிலாக, அப்படிப்பட்ட நாளில் முதல் வகைப் பழுதுள்ள சந்திப்புகளை இத்தனை மணி நேரத்துக்குள் பட்டியல் வரிசைப்படி போய்ப் பார்த்துப் பாதுகாப்பாக்கவேண்டும் என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். நல்ல ஒப்பந்ததாரர் இதற்கு ஒப்புக்கொள்வார், கொஞ்சம் விலை கூட்டுவார், அது கொடுக்கத் தகுந்த விலை.

புயலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் நான் உண்மையில் கவலைப்படுவது யாரும் போன் செய்யாத பழுதுகளைப் பற்றி. சாலைக்கு அடியில் வண்டியை உணரும் லூப் கம்பி அறுந்தால் சிக்னல் நிற்காது. பெரும்பாலான கன்ட்ரோலர்கள் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அங்கே எப்போதும் வண்டி நிற்பதாக எடுத்துக்கொள்ளும், ஆளில்லாத பக்கச் சாலைக்கு ஒவ்வொரு சுற்றிலும் முழுப் பச்சை போகும், முக்கியச் சாலையில் வரிசை நீளும். ஓட்டுநர்கள் ட்ராஃபிக் அதிகம் என்று நினைத்துக்கொள்வார்கள், பழுது என்று தோன்றாது. அடுத்தது கடிகாரம். ஒரு சாலையில் வரிசையாக உள்ள சிக்னல்கள் 90 வினாடிச் சுற்றில் ஒன்றுக்கொன்று இசைந்து ஓடுகின்றன என்றால், ஒன்றின் கடிகாரம் 20 வினாடி நகர்ந்தாலே தொடர் பச்சை கெட்டுவிடும், தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சிக்னலும் ஒழுங்காகவே எரியும். அப்புறம் எல்.இ.டி. விளக்கு: பழைய விளக்கு போல அது ஒரு நாள் பட்டென்று போகாமல் வருடக்கணக்கில் மங்கிக்கொண்டே வரலாம், வெயிலில் தெரியாத சிவப்பு இரவில் நன்றாகவே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றோடொன்று மோதும் இரண்டு திசைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை விழாமல் காக்கும் கருவி ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. தவறு நடந்தால் அது சிக்னலை மினுக்கலுக்கு மாற்றும், சில நாடுகளில் மொத்தமாக அணைத்துவிடும். அது வேலை செய்கிறதா என்பது சோதித்தால் மட்டுமே தெரியும், வருடத்துக்கு ஒரு முறையாவது சோதிப்பது நல்ல வழக்கம். அழைப்புக்கு வந்து சரிசெய்வதை மட்டும் வாங்கும் ஒப்பந்தம் இவற்றில் எதையும் தொடாது. காலமுறைப் பரிசோதனைக்கு வருடத்துக்கு எத்தனை முறை, என்னென்ன அளவீடு, அளவீட்டுத் தாள் யாருக்கு என்பது தனியாக எழுதப்பட்டிருக்கவேண்டும். சின்ன ஊருக்கு இதில்தான் சேர்வதால் பெரிய லாபம், ஏனென்றால் தனியாக இருக்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்தப் பரிசோதனைதான்.

பணம் கொடுக்கும் முறையும் வேலையின் தரத்தை மாற்றும். சந்திப்புக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை கொடுத்தால், வராமல் இருப்பது ஒப்பந்ததாரருக்கு லாபம். ஒவ்வொரு வருகைக்கும் கொடுத்தால், அரைகுறையாகச் சரிசெய்து திரும்பத் திரும்ப வருவது லாபம். நான் விரும்புவது கலப்பு: பரிசோதனைக்கும் காத்திருப்புக்கும் நிலையான தொகை, பெரிய பழுதுக்கு முன்பே ஒத்துக்கொண்ட விலைப்பட்டியல், ஒரே இடத்தில் அதே பழுது 30 நாளுக்குள் திரும்பினால் அந்த வருகைக்குப் பணம் இல்லை. அபராதத்தைப் பொறுத்தவரை, சிறியதாக, தானாகப் பில்லில் கழியும்படி இருப்பதுதான் வேலை செய்யும். பெரிய அபராதத்தை யாரும் விதிக்கத் துணிவதில்லை.

மூன்று நகராட்சிகளுக்கும் இடையே எப்படிப் பிரிப்பது? நிர்வாகச் செலவைச் சமமாக மூன்றாகப் பிரிப்போம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், 96-இல் 11 வைத்திருப்பவர் மூன்றில் ஒரு பங்கு கட்டுவார். சந்திப்பு எண்ணிக்கைப்படி பிரித்தால் உங்கள் பங்கு சுமார் 11.5 சதவீதம், அது பரவாயில்லை. ஆனால் ஒரு பாதசாரிக் கடவையும் நான்கு பக்கம் பல வழித்தடங்கள் உள்ள பெரிய சந்திப்பும் ஒரே எண்ணிக்கை ஆகக்கூடாது. விளக்குத் தலைகள், உணர்கருவிகள், வயது இவற்றை வைத்துப் புள்ளி போட்டுப் பிரிப்பது இன்னும் நியாயம். வண்டி மோதிக் கம்பம் விழுந்த செலவை மட்டும் பொதுக் கணக்கில் சேர்க்காமல் அந்தந்த ஊரே கட்டி, மோதியவரின் காப்பீட்டில் வசூலிக்கட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு மனிதரைச் சார்ந்திருக்கிறது. பில்லைப் படித்து, திடீரென்று போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்து, இந்தப் பலகையை நீங்கள் மாற்றவே இல்லையே என்று ஒப்பந்ததாரரிடம் கேட்கத் தெரிந்த ஒரு சிக்னல் பொறியாளர். 11 சந்திப்புகளுக்கு அப்படி ஒருவரை நீங்கள் தனியாக வைக்க முடியாது, இப்போது உங்கள் பில்லில் கையெழுத்துப் போடுபவர் தெருவிளக்கையும் குடிநீர்க் குழாயையும் சேர்த்துப் பார்ப்பவராக இருக்க நிறைய வாய்ப்பு. மூன்று நகராட்சிகளும் சேர்ந்து அப்படி ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கும் என்றால் சேருங்கள். ஒப்பந்ததாரரை மட்டும் பகிர்ந்துகொண்டு மேற்பார்வையை அவரவர் பார்த்துக்கொள்வோம் என்றால், பேசும் சேமிப்பில் பெரும்பகுதி கண்காணிக்காத வேலையில் கரைந்துபோகும் என்பது என் கணிப்பு. அந்தப் பொறியாளர் பெரிய நகராட்சியின் ஊழியராகவே இருக்கலாம், ஆனால் உங்கள் சந்திப்புகளைப் பற்றிய அறிக்கையை நேரடியாக உங்கள் மன்றத்துக்கு அனுப்பும் கடமை அவருக்கு எழுத்தில் இருக்கவேண்டும்.

சட்ட வடிவத்துக்கு வருகிறேன். பெரிய நகராட்சி எல்லோருக்கும் சேர்த்துக் கையெழுத்திடுவது ஒரு வழி. டெண்டரை மட்டும் சேர்ந்து விட்டு, அதே விலையில் ஒவ்வொருவரும் தனித்தனி ஒப்பந்தம் போடுவது இன்னொன்று. உங்களுக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன், ஏனென்றால் ஒப்பந்ததாரர் சொதப்பினால் நீங்களே நேரடியாக நோட்டீஸ் அனுப்பலாம். வேலையை ஒப்படைத்தாலும் பொதுமக்களுக்கான பொறுப்பு பொதுவாகச் சாலைக்கு உரியவரை விட்டுப் போகாது, விபத்து வழக்கில் முதலில் கூப்பிடப்படுவது நீங்கள்தான். எந்த அளவுக்கு என்பது உங்கள் ஊர்ச் சட்டம். எல்லைக்கோடு நடுவில் ஓடும் சந்திப்பு ஏதாவது இருந்தால், கம்பம் ஒருவர் பக்கமும் பெட்டி இன்னொருவர் பக்கமும் இருக்கும், அதற்கு ஒரே உரிமையாளரை இப்போதே முடிவு செய்யுங்கள்.

சிக்னல் நேரத்தை மறுபடி கணக்கிடுவது பராமரிப்பில் அடங்காது, பலர் அடங்கும் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை அதைச் செய்யச் சொல்வது துறையில் வழக்கம், அதற்குத் தனி நிதி வேண்டும். அதோடு, நேர அட்டவணை, வரைபடம், பெட்டிச் சாவி, கன்ட்ரோலர் கடவுச்சொல் எல்லாம் நகராட்சியின் சொத்து, மாற்றம் செய்த ஒவ்வொரு முறையும் புதிய பிரதி உங்களிடம் வரவேண்டும் என்று எழுதுங்கள். ஒப்பந்தம் முடியும்போது கடவுச்சொல் முந்தைய நிறுவனத்திடம் மட்டும் இருந்தால், பேரம் பேசும் பலம் முழுவதும் அவர்களிடம்தான்.

அடுத்த கூட்டத்துக்குப் போவதற்கு முன், உங்கள் 11 சந்திப்புகளையும் ஒருவரை அனுப்பி எழுதி வாங்குங்கள்: கன்ட்ரோலரின் வகையும் வயதும், எத்தனை லூப் உயிரோடு இருக்கிறது, கம்பத்தின் அடி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது, பெட்டிக்குள் வரைபடம் இருக்கிறதா. அந்தப் பட்டியல் இல்லாமல் டெண்டரில் சேர்ந்தால், தெரியாத நிலைக்கும் சேர்த்து ஒப்பந்ததாரர் விலை போடுவார், அல்லது குறைவாகப் போட்டுவிட்டு, ஏற்கெனவே இருந்த பழுது என்று ஒவ்வொன்றுக்கும் தனி பில் அனுப்புவார். மற்ற இருவரும் அதே பட்டியலைக் கொண்டுவரட்டும். கொண்டுவர முடியவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், பட்டியல் தயாராகும் வரை உங்கள் இப்போதைய ஒப்பந்தத்தை ஒரு வருடம் மட்டும் நீட்டித்துக்கொள்ளுங்கள்.